பாலையிலே கதை சொன்ன பிள்ளைகள்

ஆஸ்திரேலியா உலகத்துக்குத் தந்த திரைப்படங்களிலே 'மேட் மாக்ஸ்' வரிசைக்கு வாய்த்த கீர்த்தி வேறெதற்கும் வாய்க்கவில்லை என்று சொன்னால், மெல்பேர்னிலும் சிட்னியிலும் அதை மறுக்க எவரும் முன்வரமாட்டார்கள். ஆனால் அவ்வரிசையின் மூன்றாவது படமாக 1985ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேட் மாக்ஸ்: பியாண்ட் தண்டர்டோம்' பற்றிப் பேச்சு எழுந்துவிட்டாலோ, அதுவரை ஒருமனப்பட்டிருந்த அந்த ரசிகர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து, குரலை உயர்த்தத் தொடங்கிவிடுவார்கள். படத்தின் முற்பகுதி பிரமாதம், பார்ட்டர்டவுன் என்னும் அந்தப் பண்டமாற்று நகரமும் அதன் கூண்டுச் சண்டையும் அற்புதம், ஆனால் பிள்ளைகள் வந்து சேர்ந்த நிமிஷத்திலிருந்து எல்லாம் கெட்டுப்போயிற்று, நெருப்பாக இருந்த ஒரு வீரகதை பால்குடிப் பிள்ளைகளின் விளையாட்டாகிவிட்டது என்பது பெரும்பான்மைக் கட்சியாரின் தீர்மானமான அபிப்பிராயம். நான் சிறுபான்மைக் கட்சியைச் சேர்ந்தவன். அந்தப் பிள்ளைகள் இல்லாவிட்டால் இந்த வரிசைக்கே இருதயம் இல்லை என்பது, படத்தை முதன்முதலாகப் பார்த்த நாள் தொட்டு என் நெஞ்சில் ஊறிப்போன எண்ணம்.

இந்த வரிசையைத் தொடங்கியவர்கள் இருவர். ஜார்ஜ் மில்லர் சிட்னியின் மருத்துவமனை ஒன்றில் வைத்தியராகப் பணியாற்றி, சாலை விபத்துகளிலே சிதைந்து வந்த உடல்களைக் கண்ணாரக் கண்டவர். பைரன் கென்னடி மெல்பேர்ன்காரர், தயாரிப்பாளர். ஏறக்குறைய நாலு லட்சம் டாலர் என்னும் அற்பமான மூலதனத்திலே, மெல்பேர்னைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளிலே எடுத்து 1979இல் வெளியிட்ட முதற்படம் பழிவாங்கும் கதை. 1981இல் புரோக்கன் ஹில் அருகே செம்மண் வெளியில் எடுத்த இரண்டாவது படம், உலகம் அழிந்தபின் எஞ்சியிருக்கும் சில பீப்பாய் எண்ணெய்க்காக மனிதர் மடியும் கதை. அந்த இரண்டாவது படத்தை நமக்குச் சொல்லி வருவது ஒரு கிழவனின் குரல் என்பதையும், படம் முடியும்போது, அதிலே பேச்சின்றி உறுமித் திரிந்த காட்டுச் சிறுவனே வளர்ந்து மூப்படைந்து பேசுகிறான் என்று தெரிய வருவதையும், மூன்றாவது படத்தைப் பழிப்பவர்கள் ஏனோ ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. வீரனுடைய செயலுக்கு அடுத்தபடியாக அச்செயலைக் கண்டு வளர்ந்த பிள்ளையின் நினைவு முக்கியம் என்னும் கருத்து மில்லரிடத்தில் அப்போதே வேரூன்றியிருந்தது.

1983 ஜூலை மாதம் 17ஆம் தேதி, சிட்னிக்கு மேற்கேயுள்ள வாரகாம்பா நீர்த்தேக்கத்தில் ஹெலிகாப்டர் விழுந்து பைரன் கென்னடி இறந்தார். அவருக்கு வயது 33. அதற்கு அடுத்த வாரத்திலே கொழும்பில் தமிழர்மேல் நடந்த படுகொலையைப் பற்றி ஈழத் தமிழர் எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை என்று அறிவேன். ஆயினும் துக்கத்திலே பிறந்த அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதே மாதத்தின் துக்கத்தைச் சுமந்து ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கியவர்களின் முகங்கள் என் மனத்திலே கூடவே எழுகின்றன. நண்பரை இழந்த மில்லர் மூன்றாவது படத்தைத் தனியாக இயக்க மனம் கொள்ளாமல், நாடக மேடையிலே பழுத்த அனுபவமுடைய ஜார்ஜ் ஓகில்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். படம் பைரனுக்கே காணிக்கையாக்கப்பட்டது.

பார்ட்டர்டவுன் எந்த இடத்திலே கட்டப்பட்டது தெரியுமா? சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில், 1911 முதல் இயங்கி வந்த அரசாங்கச் செங்கற்சூளையின் பெரும்பள்ளத்திலே! இந்நகரத்து வீடுகள் பலவற்றுக்குச் செங்கல் அறுத்துக் கொடுத்துக் கொடுத்தே பாதாளமாகிப்போன அந்தக் குழியிலே, பன்றிகளின் சாணத்திலிருந்து எரிவாயு எடுத்து விளக்கேற்றும் ஒரு நகரத்தை நிர்மாணித்து, அதன் அரசியாகப் பாடகி டீனா டர்னரை உயரத்திலே அமர்த்தினார்கள். அவர் ஏற்ற ஆன்ட்டி என்டிட்டி என்னும் பாத்திரத்தை வெறும் கொடுங்கோலி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுமில்லாத இடத்திலே சட்டம் என்று ஒன்றை, அது எவ்வளவு குரூரமான சட்டமாயினும், உண்டாக்கியவள் அவள். தண்டர்டோம் என்னும் கம்பிக்கூண்டுக்குள்ளே இருவர் புகுவர், ஒருவரே வெளிவருவர் என்பது அச்சட்டத்தின் சாரம். அங்கே நாயகன் மாக்ஸ், மலைபோன்ற தன் எதிரியின் தலைக்கவசம் கழன்றதும், உள்ளே இருப்பது கள்ளமறியாத ஒரு குழந்தையின் முகம் என்று கண்டு, கொல்ல மறுத்துவிடுகிறான். படம் பாதியில் முறிந்துவிட்டது என்கிறார்களே, அவர்கள் இந்தக் காட்சியைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். குழந்தை முகம் ஒன்றைக் கண்டு கையை மடக்கிக்கொண்டவனைக் கதை அடுத்தபடியாகக் குழந்தைகளிடத்திலே கொண்டுபோய்ச் சேர்க்காமல் வேறெங்கே சேர்க்கும்?

எண்பதுகளின் பிற்பகுதியிலே ஹோம்புஷில் குடியேறிய ஈழத் தமிழராகிய எங்களில் பலர் இதொன்றும் அறியாமலே அந்தக் குழிக்கு அண்மையில் வாழ்ந்தோம். ரயில் நிலையத்தை ஒட்டிய சிவப்புச் செங்கல் மாடிக் குடியிருப்புகளிலே நாலு குடும்பத்துக்கு ஒரு வீடியோ பெட்டி இருந்த காலம் அது. எவரோ வாடகைக்கு எடுத்து வந்த ஒளிநாடாவிலேதான் நான் இப்படத்தைப் பார்த்தேன். கூண்டுச் சண்டைக்குக் கைதட்டிய இளைஞர்கள், பிள்ளைகள் வந்ததும் தேநீர் போட எழுந்து போனார்கள். எழாமல் இருந்தவர்கள் கிழவிகள்தாம். ஆங்கிலம் அறியாத அவர்களுக்கு அந்தக் காட்சி அர்த்தமாயிற்று.

அந்தக் காட்சியைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். தண்டனையாகப் பாலையிலே விரட்டப்பட்டுச் சாகக் கிடந்த மாக்ஸை, நிலத்தின் வெடிப்பு ஒன்றிலே ஓடையும் பெரணியுமாகச் செழித்திருக்கும் பள்ளத்தாக்குக்குப் பிள்ளைகள் இழுத்து வருகிறார்கள். (நீல மலைத்தொடரில், பிளாக்ஹீத் அருகே மெகலாங் பள்ளத்தாக்குச் சாலையோரம் இருக்கும் குகை ஒன்றிலே இதைப் படம்பிடித்தார்கள்.) விமானம் ஒன்று விழுந்து பிழைத்தவர்களின் சந்ததி அவர்கள். பெரியவர்கள் உதவி தேடி வருவதாகச் சொல்லிக் காப்டன் வாக்கர் என்பவரின் தலைமையிலே போனார்கள், திரும்பவில்லை. அவர் வருவார், வந்து நம்மை நகரத்துக்குக் கொண்டுபோவார் என்னும் ஒரே நம்பிக்கையிலே பிள்ளைகளே பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாவன்னா என்னும் மூத்த பெண் எழுந்து நின்று கதை சொல்லத் தொடங்குகிறாள். சுள்ளிகளைக் கட்டிச் செய்த ஒரு சதுரச் சட்டத்தைக் கோலிலே ஏந்தி, பாறையிலே தீட்டியிருக்கும் சித்திரங்களின்மேல் ஒவ்வொன்றாக அதை நகர்த்திக்கொண்டே சொல்கிறாள். சட்டத்துக்குள் அகப்பட்ட சித்திரமே அந்தக் கணத்தின் கதை. வில்லுப்பாட்டிலே புலவர் ஓரடி சொன்னதும் பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்து 'ஆமா' போடுவதுபோல, சுற்றியிருக்கும் பிள்ளைகள் அவள் விட்ட இடத்தை ஒரே குரலாக நிரப்புகிறார்கள். ஒரு சொல் தவறினாலும் சின்னஞ்சிறுசு திருத்திவிடும் என்று தோன்றும்படி, அத்தனை பேருக்கும் அது பாடமாகியிருக்கிறது. கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறிய படக்கருவி ஒன்றும், பழைய இசைத்தட்டு ஒன்றும், விமானியின் தொப்பி ஒன்றும் அவர்களுடைய பூஜைப் பொருள்கள்.

பீட்டர் பானின் தொலைந்த சிறுவர்களைக் கொண்டுவந்து பாலைவனத்தில் விட்டுவிட்டார்கள் என்பது விமரிசகர் பலர் அன்று சொன்ன குற்றச்சாட்டு. அமெரிக்க விமரிசகர் ரோஜர் எபர்ட் போன்ற சிலர் மனமாரப் புகழ்ந்தனர் என்றாலும், நிலைத்துவிட்டது அந்தக் குற்றச்சாட்டே. பீட்டர் பானின் சிறுவர்கள் வளர மறுப்பவர்கள். இவர்களோ வளர்ந்து, வீடு போய்ச் சேரத் துடிப்பவர்கள். மேலும், அவர்களுடைய நம்பிக்கையைப் படம் கொஞ்சிக் கொண்டாடவுமில்லை. மாக்ஸைக் காப்டன் என்று எண்ணி, மணலிலே பாதி புதைந்த விமானத்தின்மேல் ஏற்றி நிறுத்தி, அது பறக்கும் என்று காத்து நின்ற பிள்ளைகளிடத்திலே, நான் அவனல்லன், நீங்கள் தேடும் நகரங்கள் எரிந்து போயின என்று அவன் சொல்லிவிடுகிறான். அப்படியும் போகத் துணிந்த சாவன்னாவைத் தடுக்க அவன் துப்பாக்கியை எடுக்கிறான், கையையும் ஓங்குகிறான். அவள் இரவிலே போய்விடுகிறாள். போகும் வழியிலே ஒரு பிள்ளையைப் புதைமணல் விழுங்குகிறது. பார்ட்டர்டவுனை எட்டிய பிறகு அந்த இசைத்தட்டைச் சுழற்றும்போது கேட்பது தெய்வ வாக்கல்ல, பிரெஞ்சு மொழிப் பாடம். வீட்டுக்குப் போகிறேன் என்னும் வாக்கியத்தை அது சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் முகத்திலே அளவிறந்த பயபக்தியுடன் திருப்பிச் சொல்கிறார்கள். தேநீர் போட எழுந்து போனவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

படத்திலே குறை இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. என்னைக் கேட்டால், குறை இருப்பது பிள்ளைகளைப் பழிக்கும் ரசிகர்களும் மெச்சும் பகுதியிலே: கடைசியில் வரும் துரத்தல். இருப்புப்பாதையிலே ஓடும் வண்டியைப் பலவகை வாகனங்கள் துரத்துவது, இரண்டாவது படத்தின் எண்ணெய் லாரித் துரத்தலைச் சற்றுக் குறைந்த வேகத்தில் மறுபடி எடுத்ததேயாகும். அடிதடியிலே விழுந்தவன் விகடமாக எழுந்திருப்பதும், மொரீஸ் ஜாரின் பிரம்மாண்டமான இசை சில இடங்களிலே காட்சியை அமுக்கிவிடுவதும் எனக்கும் உவப்பானவையல்ல. கூபர் பீடியின் வெளியை ஒளிப்பதிவாளர் டீன் செம்லர் எடுத்திருக்கும் அழகு மட்டும் கடைசிவரை குறையவில்லை.

துரத்தல் முடிந்ததும், பிள்ளைகளை ஏற்றித் தப்பிய சிறு விமானம் புழுதிப் படலத்தினூடே தாழ்ந்து வருகிறது, கீழே சிட்னி. ஹார்பர் பாலம் நடுவிலே ஒடிந்து கிடக்கிறது. பிள்ளைகள் தேடி வந்த நகரம் இதுதான். இந்த இடத்திலே வேறெந்தப் படமும் அழுது ஓய்ந்திருக்கும். சாவன்னா பாழடைந்த கட்டடத்துக்குள்ளே, மடியிலே ஒரு குழந்தையோடு அமர்ந்து, மறுபடியும் கதை சொல்கிறாள். அந்தக் கதை இப்போது மாறியிருக்கிறது. காப்டன் வரவில்லை என்பது அதில் சேர்ந்திருக்கிறது. தங்களுக்காகப் பின்னால் தங்கிவிட்ட மனிதன் ஒருவனும் அதில் சேர்ந்திருக்கிறான். அவனுக்காகவும், இன்னும் வெளியிலே வழி தெரியாமல் திரிகிற எல்லோருக்காகவும் இரவுதோறும் நகரத்திலே விளக்கேற்றி வைக்கும் வழக்கம் சேர்ந்திருக்கிறது. பரம்பரைக் கதை பொய்த்துப்போனது என்று தெரிந்த பின்னும் அதை எறிந்துவிடாமல், பொய்யான இடத்தைத் திருத்தி, கண்ட உண்மையை அதிலே சேர்த்துத் தொடர்ந்து சொல்லும் திடம் அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தைச் சொல்லிச் சொல்லி வளர்த்த நாங்கள், போர் முடிந்தபின் அந்தப் பிள்ளைகளை அழைத்துப் போய், சொன்ன கிணறும் சொன்ன வேலியும் இல்லாத ஒழுங்கைகளிலே நின்றோம். சனிக்கிழமைதோறும் ஞாயிறுதோறும் சிட்னியின் தமிழ்ப் பாடசாலைகளிலே கற்பிக்கிறவர்கள் எந்தக் கதையை, எவ்வளவு திருத்தி, எப்படிச் சொல்வது என்று இன்றும் திகைப்பதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்தத் திகைப்புக்கு நான் அறிந்த திரைப்படங்களிலே இவ்வளவு நேராக முகங்கொடுத்தது வேறொன்றில்லை.

பார்ட்டர்டவுனைக் கட்டிய அந்த ஹோம்புஷ் செங்கற்சூளை 1988இல் மூடப்பட்டது. ஒலிம்பிக் பந்தயங்களுக்காக அங்கே டென்னிஸ் அரங்கம் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் அழிந்துவரும் இனமாகிய பச்சையும் பொன்னுமான ஒருவகைத் தவளை அந்தக் குழியின் தேங்குநீரிலே குடியேறியிருப்பது தெரியவந்ததும், அரங்கத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத் தவளைகளுக்கு அதை விட்டுக்கொடுத்தார்கள். இப்போது குழியின்மேலே, 18 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலே, வட்டமான நடைபாலம் ஒன்று இருக்கிறது. என் தங்கையின் மகளை அங்கே அழைத்துப் போனபோது, டீனா டர்னர் அரசாண்ட இடம் இது என்று காட்டினேன். "இதுக்குள்ளேயோ, மாமா? இவ்வளவு சின்ன இடமோ?" என்று கேட்டுவிட்டு, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவளையைத் தேடுவதிலே மும்முரமானாள். படத்தை அன்று மாலையே போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பிடித்தது சுள்ளிச் சட்டம். அட்டையை வெட்டித் தானும் ஒன்று செய்துகொண்டாள்.

மில்லர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2015இல், 'ஃபியூரி ரோட்' படத்தோடு இந்த வரிசைக்குத் திரும்பினார். புரோக்கன் ஹில்லிலே மழை பெய்து பாலை பூத்துவிட்டதால் நமீபியாவுக்குப் போய் எடுத்த அந்தப் படம் ஆறு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. மூன்றாவது படத்தின் தோல்வியை அது துடைத்துவிட்டது என்று ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு, 2024இல் வெளிவந்த 'ஃபியூரியோசா'வை நியூ சவுத் வேல்ஸ் மண்ணிலேயே எடுத்தார். அதிலே, அழிந்த உலகத்தின் அறிவையெல்லாம் தன் தோலிலே பச்சை குத்திக்கொண்டு, கேட்பவர்களுக்குச் சொல்லித் திரியும் சரித்திரக் கிழவன் ஒருவன் வருகிறான். படத்தின் கதையைச் சொல்வதும் அவனே. ஏறக்குறைய எண்பது வயதிலே மில்லர் மறுபடி போய்ச் சேர்ந்த இடம் சாவன்னா நின்ற அதே பாறையடி. பெரும்பான்மைக் கட்சி நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன்; கிழவன் சொன்னால் கேட்கலாம், பிள்ளைகள் சொன்னால் பொறுக்க முடியவில்லை என்றார். அடுத்த மாதம் அவர் வீட்டிலே, 'தண்டர்டோம்' படத்தின் பிற்பாதியை மட்டும் போட்டுப் பார்ப்பதென்று ஏற்பாடு.