தீவாந்திரம்

போன மாசம் ஊரிலிருந்து சித்தி வந்திருந்தார். நான் அந்தமானுக்கு வேலைக்கு வந்து பதினேழு வருஷம் ஓடிப் போச்சு. சொந்தக்காரர் யார் வந்தாலும் ரூட் ஒண்ணுதான். அபர்தீன் பஜார், கார்பின்ஸ் கோவ் கடற்கரை, கடைசியில் செல்லுலர் ஜெயில். (2024-ல் ஊர் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்தியாச்சு. என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருது :-))

ஒரு செல்லுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு சித்தி சொன்னார்: "பாவம்டா... பெத்தவ முகத்தைக்கூட பாக்க முடியாம இவ்வளவு தூரத்துல."

எனக்குப் பதில் வரவில்லை. சித்தியின் ஒரே பையன் வீட்டு வாசல்படி மிதித்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

2009 ஜூலையில் அவன் எனக்கு போன் பண்ணினான். 377-வது பிரிவு பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன வாரம். "அண்ணா, பேப்பர் பாத்தீங்களா? நானும் அப்படித்தான்ணா." பெரிய மனுஷன் மாதிரி நான் சொன்னது: "கல்யாணம் பண்ணினா எல்லாம் சரியாயிடும்டா." அதோடு போன் நின்றது. பெண் பார்க்க ஆரம்பித்தபோது வீட்டிலும் உடைத்துச் சொல்லிவிட்டான். "அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம், இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்றார் சித்தப்பா. பையன் பெங்களூர் போய்விட்டான்.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்ததாம்? சான் பிரான்சிஸ்கோவில் ஹார்வி மில்க், தன்னை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே 1977-ல் நகரசபைத் தேர்தலில் ஜெயித்தார். அடுத்த வருஷமே சுட்டுக் கொன்றார்கள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த 377-ஐத் தேடிப் படித்தேன். வெளிநாட்டுச் சரக்கு அந்தச் சட்டம்தான். மெக்காலே வேலையை ஆரம்பித்து, 1860-ல் இயற்றி, 1862-ல் அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அதற்கு முதல் தண்டனையாக எழுதியிருந்தது என்ன தெரியுமா? ஆயுளுக்கும் நாடு கடத்தல். நம் பெரியவர்கள் தீவாந்திர தண்டனை என்பார்களே, அதேதான். 1858-ல் இங்கே கைதிக் குடியிருப்பு போட்டதிலிருந்து அந்தத் தண்டனைக்கு இன்னொரு பேர் அந்தமான். சட்டத்திலிருந்து அந்த வார்த்தை போனது 1956-ல். அதற்குப் பதிலா ஆயுள் சிறை. நான் சம்பளம் வாங்கிச் சாப்பிடும் ஊர், என் தம்பி மாதிரி ஆட்களுக்கு ஒரு காலத்தில் தண்டனை!

டெல்லி தீர்ப்பை 2013-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள், மனமொத்த வயது வந்தவர்கள் விஷயத்தில் 377 செல்லாது என்று முடித்து வைத்தார்கள். நம்ம ஊரும் சும்மா இருக்கவில்லை. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004-ல் வந்தது. திருநங்கைகளுக்கு நல வாரியம் 2008-ல். சென்னையில் வானவில் பேரணி 2009-லிருந்து. மதுரைக்காரர் நர்த்தகி நடராஜ் பரதத்துக்காக 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

என்னை அசைத்தது 2021 சமாச்சாரம். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள், பெற்றோரும் போலீசும் துரத்தாமல் பாதுகாப்பு கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம்தான் உத்தரவு எழுதினார். 'மாற்றிக் காட்டுகிறோம்' என்கிற வைத்தியத்துக்கும் தடை போட்டார். ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் தெரியாது என்று சொல்கிறார். எனக்கு என்ன கௌரவம்?

மறுநாள் காலை காபி குடிக்கும்போது சித்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். பேசவில்லை. அவர் எதிரிலேயே தம்பி நம்பரைப் போட்டேன்.

"நான் அன்னிக்கு சொன்னது தப்புடா. மன்னிச்சுக்க. ஒரு தடவை இங்க வாயேன்."

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "வர்றேண்ணா. ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்துப் போடுங்க. அங்கேயே விட்டுடாதீங்க."

சித்தி தலை நிமிராமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சாப்பிட்டானான்னு கேளு."

கேட்டேன்.

ஊரை விட்டு வந்த நமக்கு, தூரம் எவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருத்தர் எங்கேயாவது இருந்தால், இன்றைக்கே கூப்பிடுங்கள்.