காத்திருந்த அட்டை

பள்ளிக்கூடம் என்றால் என்ன? நான்கு சுவர், ஒரு கரும்பலகை, அதன்முன் ஓர் ஆசிரியர். ஆசிரியர்க்கு முன் வரிசை, வரிசைக்குள் அச்சம். நெடுங்காலம் நம் நாட்டில் அதுதான் பள்ளி. பலகையோ ஆசிரியரின் தோள் உயரத்தில். சுண்ணக்கட்டியோ ஆசிரியரின் கையில். எட்டாத இடத்து எழுத்தை ஏறெடுத்துப் பார்ப்பதே மாணவர்க்கு இட்ட பணி! எட்டாத உயரத்தில் அறிவை வைத்துப் பூட்டிய பழைய ஏற்பாட்டுக்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியுமா, தோழர்களே?

அந்தக் கரும்பலகை தரைக்கு இறங்கிய நாள்களை நான் அறிவேன்.

ஆந்திர மாநிலம் மதனப்பள்ளிக்கு அருகே, ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில், ஓர் ஆசிரியரே பல வகுப்புகளையும் நடத்துவதற்கென அட்டைகளால் ஆன பாடமுறை ஒன்று உருவாயிற்று. அதைக் கண்டு கற்று, 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினர். ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முன்னின்றார். 2007-08 கல்வியாண்டில் அது தமிழகத்து அரசு தொடக்கப்பள்ளிகள் எங்கும் பரவிற்று. செயல்வழிக் கற்றல் என்று அதற்குப் பெயர்.

வடமாவட்டம் ஒன்றில் ஈராசிரியர் பள்ளியில் நான் அப்போது பணிபுரிந்தேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். சுவரின் அடிப்பகுதி முழுதும் கருமை பூசிக் கட்டம் கட்டினோம். பிள்ளைக்கு ஒரு கட்டம், அது அந்தப் பிள்ளைக்கே உரிமை. பாய் விரித்து வட்டமாக அமர்ந்தனர். முன்வரிசை எது, பின்வரிசை எது? வட்டத்துக்கு ஏது கடைசி! சுவரில் ஏணிப்படி வரைந்த தாள் தொங்கும். தான் நிற்கும் படியை அறிந்து, அதற்குரிய படச்சின்னம் தாங்கிய அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, வேலையை முடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அடுத்த படிக்கு ஏற வேண்டும் பிள்ளை. சில படிகளை ஆசிரியர் துணையோடு, சிலவற்றைத் தோழன் துணையோடு, சிலவற்றைத் தனித்தே கடக்கலாம். வருகையைக்கூடத் தன் கையால் தானே குறித்துக்கொள்ளும்! நாற்காலி போயிற்றே என நொந்துகொண்ட ஆசிரியர்களும் இருந்தனர். தரையில் உட்கார்ந்தால் மதிப்புத் தேய்ந்துவிடும் என்று எண்ணினர் போலும்.

இவற்றையெல்லாம்விட என்னை ஈர்த்தது ஒன்று. தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தையில் பிறந்தது செங்கற்சூளைக்குச் செல்லும் வழி. பெற்றோர் வாங்கிய முன்பணம் அடையும்வரை குடும்பமே அங்கே கல் அறுக்கும். பள்ளி திறக்கும் வேளையில் திரும்பும் பிள்ளைக்குப் பழைய முறையில் என்ன கிடைத்தது? பாடம் நாற்பது பக்கம் ஓடியிருக்கும். அதற்குள் அடுத்த வகுப்பே வந்திருக்கும். தெரியாதவன் என்ற பட்டம் கிட்டும். அடுத்த தையில் அவன் போவான், திரும்ப மாட்டான்.

ஏணி வந்தபின், ஐந்து மாதம் கழித்து ஒரு சிறுவன் உள்ளே வந்தான். கைவிரல்கள் வெடித்திருந்தன. எவரையும் கேளாமல் தட்டருகே போனான், கழித்தல் கணக்கில் தான் விட்டுச்சென்ற அட்டையைத் தேடி எடுத்தான், பாயில் அமர்ந்தான். அவ்வளவுதான். அட்டை அவனுக்காகக் காத்திருந்தது! புத்தகம் காத்திருந்ததில்லை, நாங்களும் காத்திருந்ததில்லை.

குறையே இல்லையா? இருந்தது, நிறையவே. அட்டைகள் கிழிந்தன, புதியவை வரத் தாமதமாயின. பார்வையிட வந்த அலுவலர் ஒருவர், எத்தனை படி கடந்தான் என்று கேட்டாரேயன்றி, படிக்கச் சொல்லிக் கேட்டாரில்லை. படி எண்ணிக்கை பெருக, அட்டையை மனப்பாடமாக ஒப்புவித்து ஏறிவிட்ட பிள்ளைகளும் உண்டு. பழைய மனப்பாடம் புதிய சட்டை போட்டுக்கொண்டது!

பெருந்தொற்றுக்குப் பின், 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளைகளை அவரவர் நிலையறிந்து பிரித்தது. நல்லதே. 2024-இல் தொடக்கப்பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் எழலாயின. திரையில் கோள் சுழலும், கடல் பொங்கும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்க்கின்றனர். வேண்டாம் என்பேனா? ஆனால் அந்தத் திரை மீண்டும் தோள் உயரத்துக்கு ஏறிவிட்டதே! சூளையிலிருந்து திரும்புகிறவன் எந்தக் காட்சியில் விட்டான் என்பதை அது அறியுமா?

ஆதலால் நான் பழைய அட்டைகளை எறியவில்லை. கிழிந்தவற்றுக்கு ஈடாகத் திருமண அழைப்பிதழ்களின் பின்புறத்தில் பிள்ளைகளே புதியன எழுதுகின்றனர். பத்தைக் கட்டாகவும் ஒன்றை உதிரியாகவும் காட்டத் தீக்குச்சிகள், கூட்டலுக்குப் புளியங்கொட்டை. தையில் புறப்படும் பிள்ளையின் பையில் பத்து அட்டைகள் வைத்து அனுப்புகிறேன். சென்ற ஆண்டு ஒரு சிறுமி ஏழைத்தான் திருப்பிக் கொடுத்தாள். மற்ற மூன்றும் எங்கே என்றேன். சூளையில் பக்கத்துக் குடிசைப் பிள்ளை இன்னும் முடிக்கவில்லையாம்.