பச்சை ஒன்றல்ல

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆசிரியன். என் மாணவர்கள் லயங்களில் பிறந்தவர்கள். கொழுந்து பறிக்கும் தாய்மாரின் பிள்ளைகள். இரண்டாம் வகுப்புச் சித்திர பாடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அன்று மூன்றே வண்ணங்கள் இருந்தன: மஞ்சள், நீலம், சிவப்பு. மஞ்சளில் நீலத்தைத் துளித்துளியாகக் கலக்கச் சொன்னேன். பச்சை பிறந்தது, வகுப்பே ஆரவாரித்தது. மஞ்சள் மிகுந்தால் இளங்கொழுந்து. நீலம் மிகுந்தால் முற்றிய இலை. அதிலே சிவப்பு சிறிது சேர்ந்தால் சருகு. பச்சை ஒன்றல்ல என்பது அவர்களுக்குப் புதிய செய்தியல்ல. எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று நாள்தோறும் நிறம் பார்த்து வாழும் குடும்பங்கள் அல்லவா?

அடுத்து, ஒளிந்து வாழும் பிராணிகளைப் பற்றிச் சொன்னேன். மூக்கு நுனியில் இலைபோன்ற நீட்சி கொண்ட ஓணான் ஒன்று எங்கள் மலைத்தொடரில் உண்டு. உலகில் வேறெங்கும் அது இல்லை. களிமண்ணில் அதைச் செய்து, பச்சை பூசிச் செடிமேல் வைத்தோம். மறையவில்லை. முதுகு வெயிலில் மின்னியது. வயிறு நிழலில் கறுத்தது. முதுகின் பச்சையை அடர்த்தியாக்கி, வயிற்றில் வெண்கட்டித் தூளைப் பூசினோம். ஓணான் இலைகளோடு கலந்துவிட்டது. இந்த உண்மையை 1896-ஆம் ஆண்டிலேயே எழுதி விளக்கியவர் ஆபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர்.

"சேர், அது யாருக்குப் பயந்து ஒளியுது?" என்று கேட்டாள் ஒரு சிறுமி.

"பாம்புக்கும் பறவைக்கும்" என்றேன்.

பின்வரிசைச் சிறுவன் எழுந்தான். "நானும் டவுனுக்குப் போனா தோட்டம்னு சொல்லமாட்டேன், சேர். மாத்தளைன்னுதான் சொல்லுவேன்."

சில பிள்ளைகள் சிரித்தனர். என்னால் சிரிக்க இயலவில்லை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன்.

19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காக மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் எம் முன்னோர். வழியிலேயே மடிந்தவர் பலர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களின் சந்ததியினரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. சட்டம் மாறியது; ஆனால் ஒளியும் பழக்கம் ஏழு வயதுப் பிள்ளையின் நாவில் இன்னும் இருக்கிறது. ஓணானுக்கு நிறம் தந்தது இயற்கை. இந்தப் பிள்ளைக்கு அச்சத்தைத் தந்தது சமுதாயம். அதை நாம் மாற்ற முடியும்.

மறுவாரம் வேறொரு பாடம் வைத்தேன்: "அடுத்த மலையிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி உங்கள் வீட்டை வரையுங்கள்." அந்தச் சிறுவன் பச்சைத் தேயிலைக்கு நடுவே தன் லயத்தின் கதவுக்குச் சிவப்பைத் தீட்டினான், கலப்பற்ற சிவப்பு. அடியிலே தோட்டத்தின் பெயரைத் தானே எழுதினான். அதில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்துச் சுவரில் மாட்டினேன்.