பசிக்கு லீவு லெட்டர் கிடையாது!

கலிஃபோர்னியா என்றதும் கடற்கரையும் சினிமா ஸ்டூடியோவும்தானே ஞாபகம் வரும்? பிக் பைன் என்கிற சின்ன ஊரிலிருந்து மலைப்பாதையில் ஏறி இறங்கிப் பாருங்கள்... நாலு பக்கமும் பொட்டல். நடுவில் மட்டும் பச்சைப் பசேலென்று ஒரு திட்டு. அதுதான் டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி! முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு நானும் மாமா பையனும் போயிருந்தோம்.

1917-ல் இதை ஆரம்பித்தவர் எல்.எல். நன். மின்சாரத் தொழிலில் சம்பாதித்த ஆசாமி. மாணவர்கள் மொத்தமே முப்பது பேருக்குள்தான். 2018 முதல் பெண்களும் படிக்கிறார்கள். இரண்டு வருடப் படிப்பு. ஃபீஸ் கிடையாது, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். 'அடடா, நமக்குத் தெரியாமப் போச்சே!' என்று பெருமூச்சு விடாதீர்கள். வாரம் 20 மணி நேரம் உடம்பு வளைய வேண்டும். மாடு கறக்க, சமைக்க, பாத்திரம் தேய்க்க, வயலுக்குத் தண்ணி பாய்ச்ச... யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பவரும் மாணவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மாணவர்தான்.

வயலில் முக்கியமாக விளைவது குதிரை மசால். நம்மூர் பால் பண்ணைக்காரர்களுக்கும் பழக்கமான தீவனம்தான். அவரை, துவரை வகையறா என்பதால் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஒரு தடவை விதைத்தால் சில வருடங்களுக்கு அறுத்துக்கொண்டே இருக்கலாம். பி.காம். பாஷையில் சொன்னால், வட்டி தரும் ஃபிக்ஸட் டெபாசிட்!

ஆனால் சமாசாரம் அவ்வளவு லேசில்லை. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். கட்டு சூடேறித் தீயே பற்றிக்கொள்ளலாம். சருகாகக் காயவிட்டுக் கட்டினாலோ இலையெல்லாம் நொறுங்கி உதிர்ந்துவிடும். சத்து பெரும்பாலும் இலையில்தான், மிஞ்சுவது குச்சி! அதனால்தான் இந்த மாதிரி வறண்ட பிரதேசங்களில், ராத்திரி பனி இறங்கி இலை பதமானதும் கட்டுவது வழக்கம்.

''அத்தான், இந்தப் புல்லு அறுக்க எத்தனை மார்க்?'' என்றான் மாமா பையன்.

மார்க்கா? பரீட்சையில் கோட்டை விட்டால் அரியர்ஸ் எழுதலாம். இங்கே குளிர்காலத்தில் மேய்ச்சலுக்குப் புல் இருக்காது. கோடையில் கட்டி அடுக்கியதுதான் அப்போது மாட்டுக்குச் சோறு. ஜூலையில் ஒருத்தர் தூங்கிப்போன ராத்திரிக்கு ஜனவரியில் மாடு வயிறு காயும்.

நம்ம ஆபீசில் ஒரு ஃபைல் மாசக்கணக்கில் தூங்கினாலும் அது 'அம்மா...' என்று கத்துவதில்லை. அந்த ஃபைலுக்குப் பின்னால் யாரோ ஒரு பென்ஷன்காரர் காத்துக்கொண்டுதான் இருப்பார். அவர் குரல் நம் சீட் வரைக்கும் எட்டுவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தொழுவம் பக்கத்திலேயே இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!