தோலாது வெளியேறினோர்

கல்லூரி மலர் கைக்கு எட்டியவுடன் விளையாட்டுப் பகுதியை முதலிற் புரட்டுவது மாணவப் பருவந்தொட்டு எமக்குள்ள வழக்கம். 1993-94ஆம் ஆண்டு மலரில் எம் கால்பந்தாட்டக் குழுவைப் பற்றி ஒரே ஒரு வரி உண்டு. கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியின் இரண்டாம் சுற்றில் எம்மவர் தோல்வியுற்றனர் என்பது அவ்வரி. அது பிழை. முப்பது ஆண்டுகள் வாளாவிருந்த யாம் இன்று அதனை எடுத்துரைக்க நேர்ந்தமைக்கு அமெரிக்க தேசத்தில் நிகழ்ந்ததொரு சம்பவம் காரணமாயிற்று.

எமது ஊர் பெரம்பலூரை அடுத்தது. எம் குழுத்தலைவரோ அரியலூரினர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அக்காலத்தில் இவ்விரண்டு ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல். அரியலூர் ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, பின் 2007இல் நிலையாகப் பிரிந்தது. குழுத்தலைவரின் தந்தையார் சுண்ணாம்புக்கற் சுரங்கத் தொழிலாளி. அவ்வாண்டின் இரண்டாஞ் சுற்று ஆட்டம் அரியலூரிலேயே அமைந்தது. தந்தையார் விடுப்பெடுத்துக்கொண்டு, உடன் வேலை செய்வோர் பத்துப் பேரையும் அழைத்து வந்து கோட்டின் ஓரத்தில் நின்றார்.

ஐப்பசி மாதம். காலைமுதற் பெய்த மழையிற் கரிசல் மண் கூழாகிவிட்டது. ஓடியவன் கால் ஒருபுறமும் காலணி ஒருபுறமுமாக நின்ற காட்சியைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனர். முற்பகுதியில் எதிர்க்குழுவினர் ஒரு கோல் அடித்தனர். பிற்பகுதியில், மூலையிலிருந்து வந்த பந்தை எம் நண்பர் தலையால் முட்டி வலைக்குள் சேர்த்தார். அதன்பின் இருதிறத்தாரும் கோல் அடிக்க இயலவில்லை. மிகை நேரமும் கழிந்தது. மழை மீண்டும் பிடித்தது, வெளிச்சம் போயிற்று. மறுநாள் அம்மைதானத்தில் வேறு ஆட்டம் குறிக்கப்பட்டிருந்தமையால், நடுவர் இரு தலைவர்களையும் அழைத்து நாணயம் சுண்டினார். நண்பர் தலை என்றார். நாணயம் சேற்றில் விழுந்தது. நடுவர் அதனை எடுத்து விரலால் வழித்துப் பார்த்தார். பூ.

தந்தையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் தோளிலிருந்த துண்டால் மகனுடைய தலையைத் துவட்டி, எங்கள் பதினைந்து பேருக்கும் தேநீர் வாங்கித் தந்தார்.

பல்கலைக்கழகக் குழுவுக்கு ஆட்களைத் தெரிவோர் பெரும்பாலும் கடைசிச் சுற்றுகளையே பார்ப்பது வழக்கம். அக்குழுவில் இடம்பெற்றால் தென்மண்டலப் போட்டி. அம்மண்டலத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தால் அகில இந்தியப் போட்டி. இரயில்வே முதலிய இடங்களில் விளையாட்டு வீரருக்கெனச் சில வேலைகளும் இருந்தன. எம் நண்பருக்கு அவ்வேலையில் உள்ளூர ஒரு நோக்கம் இருந்தது என்பதை யாம் பின்னரே அறிந்தோம். இறுதியாண்டு மாணவராதலின் அவருக்கு மறு ஆட்டம் வாய்க்கவில்லை. இப்பொழுது பெரம்பலூரில் உரக்கடை வைத்து, மக்காச்சோள விதையும் பருத்தி விதையும் விற்று வருகிறார்.

நிற்க. எம் தம்பியின் மைந்தன் அமெரிக்காவில் பிளாரிடா மாநிலப் பல்கலைக்கழகத்திற் பயின்றவன். அங்கே கால்பந்து எனப்படுவது முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தி ஓடுவது. பெயர்ப் பொருத்தத்தை அந்நாட்டார்தாம் விளக்கவேண்டும். முதல் வரிசையிலுள்ள பல்கலைக்கழகங்கள் ஏறக்குறைய 130. ஒவ்வொன்றும் பருவத்தில் 12 ஆட்டங்களே ஆடுவதால், யார் யாரினும் மேலோர் என்பதை ஆடியே தீர்த்துவிட இயலாது. ஆகவே 1936 முதல் பத்திரிகையாளர் வாக்களித்துத் தரவரிசை வகுத்து வருகின்றனர். 2014இலிருந்து 13 பேர் அடங்கிய குழுவொன்று, பருவத்தின் நடுப்பகுதி கடந்தபின் செவ்வாய்க்கிழமைதோறும் தன் வரிசையை வெளியிடுகிறது. 2023 வரையில் அதன் முடிவில் முதல் நான்கு இடத்தாரே பட்டத்துக்கு ஆடலாம். ஏனையோர்க்கு, ஆறு ஆட்டம் வென்றிருந்தால், 'பௌல்' எனப்படும் கிண்ணப் போட்டிகளில் ஒன்றில் ஆட இடமுண்டு. 1902இல் நடந்த ரோஸ் பௌல் அவற்றுள் மூத்தது.

2023 அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்த முதல் வரிசையில் பிளாரிடா மாநிலம் நான்காமிடம். அதுவரை ஆடிய எட்டும் வெற்றி. எஞ்சிய ஐந்தையும் வென்றனர். ஆனால் நவம்பரில் அவர்களுடைய முதன்மை ஆட்டக்காரர் கால் முறிந்து வீழ்ந்தார். டிசம்பர் 3ஆம் நாள் இறுதி வரிசை வந்தபோது, 13 ஆட்டத்திலும் தோலாத அக்குழு ஐந்தாமிடத்திற்கு இறங்கியிருந்தது. ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்த அலபாமா நான்காமிடத்தில் ஏறியிருந்தது. அடிபட்டவர் இல்லாத குழு முன்போல் ஆடாது என்பது தெரிவோரின் கருத்து.

மறுநாட் காலை நண்பரின் கடையில் யாம் அமர்ந்திருந்தபோது பையன் தொலைபேசியில் அழைத்தான். "பெரியப்பா, தோற்கவே இல்லை, வெளியே தள்ளிவிட்டார்கள்" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். நண்பர் தொலைபேசியை வாங்கி, முதலிலிருந்து யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "தம்பி, எங்களை நாணயம் தள்ளிற்று. நாணயத்துக்கு எங்களைத் தெரியாது. உங்களைப் பதின்மூன்று பேர் தெரிந்தே தள்ளியிருக்கிறார்கள். உங்கள் பாடுதான் கொடிது" என்றார்.

யாம் அதற்கு உடன்படவில்லை. அவர்களுக்கு ஐந்து என்றோர் எண்ணாவது எழுதப்பட்டிருக்கிறது. பதின்மூன்று வெற்றியும் அச்சில் உள்ளன. ஏன் தள்ளினீர் என்று ஒரு நாடே கேட்கிறது. எம்மை எவர் எண்ணினார், எவர் கேட்டார் என்றோம். நண்பர் உரமூட்டைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே, "எண்ணிப் பார்த்து, போதாது என்று சொல்லியிருந்தால் என் தகப்பனார் தாங்கியிருப்பாரா?" என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை, இன்றும் இல்லை.

அதே டிசம்பர் 30ஆம் நாள் ஆரஞ்சு பௌல் ஆட்டத்தில், ஆட்டக்காரர் பலர் விலகிய நிலையில், பிளாரிடா மாநிலம் ஜார்ஜியாவிடம் 63-3 என வீழ்ந்தது. தெரிவோர் சொன்னதே சரி என்றனர் சிலர். மனமுடைந்தவர் ஆடிய ஆட்டத்தைச் சான்றாகக் கொள்ளலாகாது என்பது எமது கருத்து. 2024இல் நான்கு இடம் பன்னிரண்டாக விரிந்தது. அவ்வாண்டு அக்குழு வென்றதோ இரண்டே ஆட்டம். பையன் இப்பொழுது அதைப்பற்றிப் பேசுவதில்லை.

நண்பரின் தந்தையார் இன்று இல்லை. இம்மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு எமக்குக் கடிதம் வந்ததை நண்பரிடம் காட்டியபோது, அவர் நெடுநேரம் யோசித்து, "எழுதுவதானால் கோல் கணக்கை மட்டும் சரியாகப் போட்டுவிடு" என்றார். ஆதலின் எழுதுகிறோம்: அன்று அரியலூரில் ஆட்டம் நின்றபோது இரு குழுவுக்கும் ஒன்றுக்கு ஒன்று.