முதுகு பேசும் மொழி

எங்கள் குடும்பத்தார் இராவுத்தர்கள். அச்சொல்லுக்குக் குதிரை வீரர் என்பது பொருள். முன்னோர் எந்தப் போர்க்களத்தில் குதிரை ஏறினார்களோ, நானறியேன். என் அத்தா ஜட்கா வண்டியில் பூட்டிய ஒற்றைக் குதிரையை நம்பியே எங்கள் ஐவரையும் வளர்த்தார்கள்.

சுப்ஹு தொழுதுவிட்டு நேரே லாயத்துக்கு வருவார்கள். சேணம் வைக்குமுன் பிடரியிலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பார்ப்பார்கள். கழுத்தும் முதுகும் கூடுமிடத்தில் எழும்பி நிற்கும் மேட்டை, அத்தா 'முகடு' என்பார்கள். அதன் இருபுறமும் சரிந்து இறங்குவது முன்சப்பை. முகட்டுக்குப் பின்னால் சற்றே தாழ்ந்திருப்பது சேணம் அமரும் இடம். அரபு மொழியில் அவ்விடத்திற்கு 'ஸஹ்வா' என்றே தனிப்பெயர் உண்டென்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். சேணத்தின் அடிமெத்தையை விரிப்பது என் பொறுப்பு. ஒரு நாள் கல்யாணச் சவாரி, அவசரம். "கை வைத்துப் பார்த்தாயா?" என்று அத்தா கேட்டார்கள். "பார்த்தேன்" என்றேன். பார்க்கவில்லை. மெத்தையில் ஒரு மடிப்பு இருந்தது.

மாலையில் சேணத்தைக் கழற்றியபோது முகட்டில் முட்டையளவு வீக்கம். அத்தா என்னை அடிக்கவில்லை. என் கையைப் பற்றி அதன்மேல் வைத்தார்கள். நெருப்பாய்ச் சுட்டது. "வாயில்லாப் பிராணிக்கு முதுகுதான் வாய். அது காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது" என்றார்கள். நான் சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்று வாரம் வண்டி பூட்டவில்லை. அம்மாவின் காதணி அடகுக்குச் சென்றது. அவ்வாண்டு நோன்புப் பெருநாளுக்கு எங்களுக்குப் புத்தாடை இல்லை. "காயத்தின்மேல் சேணம் வைத்துச் சம்பாதித்த காசில் உடுத்த வேண்டாம்" என்றார்கள் அத்தா.

அந்த உடலமைப்பின் நுட்பத்தைப் பின்னாளில் நூல்களில் படித்தேன். மனிதனுக்குள்ள காறை எலும்பு குதிரைக்கு இல்லை. முன்னங்கால்களை உடலோடு பிணைப்பவை தசைகளும் நாண்களுமே. விலா எலும்புகள் பெரும்பாலும் 18 இணை. முதுகெலும்புகளின் மேல்முட்கள் நீண்டு உயர்ந்திருப்பதால்தான் முகடு எழும்புகிறது. அது காளையின் திமில்போல் தசையன்று. எனவே அங்கு அழுத்தம் விழுந்தால் தாங்குவதற்குச் சதைப்பற்று மிகக் குறைவு. குதிரையின் உயரத்தைத் தலைவரை அளக்காமல் தரையிலிருந்து முகடு வரை, 4 அங்குலம் கொண்ட கையளவால் அளக்கிறார்கள். நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே சுமக்கின்றன. இத்தனையும் அத்தாவின் உள்ளங்கை படிக்காமலே அறிந்திருந்தது.

இன்று லாயமும் இல்லை, வண்டியும் இல்லை. நான் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் மூட்டை தூக்கும் தம்பி ஒருவர் தோளை ஒருபுறம் சாய்த்தபடி நடந்தார். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை பாய்" என்றார். அவர் தோளில் கை வைத்தேன். சுட்டது.

கூலியைக் கையில் கொடுத்து, குணமாகும் வரை ஓய்வெடுக்கச் சொன்னேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் அத்தா கேட்ட கேள்விக்கு அன்றுதான் உண்மையான விடை சொன்னதாக உணர்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ்.