தரம்சாலாவில் ஒரு சமையல் பாடம்

தலாய் லாமா 1959-இல் இந்தியாவில் புகலிடம் பெற்று, 1960 முதல் வாழ்ந்துவருவது இமாசலத்துத் தரம்சாலாவில். அதன் மேற்பகுதியான மெக்லியோட்கஞ்சில் திபெத்தியர் நடத்தும் வகுப்பொன்றில் நாங்கள் மோமோ செய்யக் கற்றோம்.

மைதாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்கவேண்டும். பூரணத்துக்கு முட்டைக்கோஸ், வெங்காயம், இஞ்சி, கொத்துமல்லி ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, உப்பிட்டுப் பிசறவேண்டும். மாவை வட்டமாக இடுகையில் நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் இருத்தல் அவசியம். நடு மெலிந்தால் அடி கிழிந்து சாறு ஒழுகும். ஓரம் தடித்தால் மடிப்பு வேகாது. பின்னர்ப் புடவைக் கொசுவம்போல் ஓரத்தை மடித்து மூடி, எண்ணெய் தடவிய தட்டில் வைத்து ஆவியில் வேகவிடவேண்டும்.

நம் கொழுக்கட்டைக்கோ அரிசி மாவைக் கொதிநீரில் கிளறினால்தான் சொப்புச் செய்ய வரும். கோதுமை மாவு பச்சைத் தண்ணீரிலேயே இழுபடும் இயல்புடையது.

கற்பித்த அம்மையார் இந்தியாவிற் பிறந்தவர், திபெத்தைக் கண்டதில்லை. ஆயினும் பாட்டியாரின் மடிப்பு அவர் விரல்களில் நிலைத்திருக்கிறது. வெளியூரில் வளரும் நம் குழந்தைகளின் விரல்களில் எது நிலைக்கும்? வரும் விநாயக சதுர்த்திக்குக் கடையில் வாங்காது, அவர்களையே அருகிருத்திச் சொப்புச் செய்விப்போமாக!